எண்ணும் எழுத்தும்: தொடக்கப் பள்ளி வரலாற்றில் ஒரு பிரிவு

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்வோர் வழியில் காணும் நார்த்தாமலைக் குன்றுகள் விசயாலய சோழீச்சரத்தால் புகழ்பெற்றவை. அதன் அருகே பழியிலீச்சுரம் என்னும் சிறிய குடைவரை ஒன்று உண்டு. நிருபதுங்க பல்லவனின் 7ஆம் ஆட்சியாண்டில் சாத்தன் பழியிலி என்பவன் அதைக் குடைவித்தான் எனவும், அவன் மகள் பழியிலி சிறிய நங்கை முன்மண்டபம் அமைத்தாள் எனவும் அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. பின்னர்ச் சோழர் காலத்தில் இவ்வூர் தெலிங்க குலகாலபுரம் என்னும் பெயருடன் நகரத்தார் எனப்பட்ட வணிகர் அவையின் ஆளுகையில் இருந்தது. வணிகர் ஊரில் கணக்கே உயிர். அக்காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் நிலத்தை வேலி, மா, காணி, முந்திரிகை என நுணுக்கமாக அளந்து பேசுகின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளோ முந்திரிக்கும் கீழே கீழ்முந்திரி வரை இறங்குகின்றன.

இப்பெயர்கள் அரசர்க்கும் கணக்கர்க்கும் மட்டுமே உரியவை அல்ல. நூறாண்டுகளுக்கு முன்வரை திண்ணைப் பள்ளியில் அமர்ந்த எட்டு வயதுச் சிறுவன் அவற்றை மனனமாகச் சொன்னான். இன்று தொடக்கப் பள்ளிகளில் அவை பயிற்றப்படுவதில்லை. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, அதில் நம் சபைகளின் பங்கு யாது என்பதை இங்கே ஆராய விரும்புகிறோம்.

திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதினான். கை தேறியபின் ஓலையும் எழுத்தாணியும் பெற்றான். எழுத்துக்கு அரிச்சுவடி, பின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை, நிகண்டு. இவற்றைப் பொருள் அறியுமுன்னரே நெட்டுருச் செய்தான். எண்ணுக்குப் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று. பொன்னிலக்கத்தில் ஒன்றின் கீழ் முக்கால், அரை, கால், அரைக்கால், வீசம் என்னும் வரிசையும், மா (இருபதில் ஒன்று), காணி (எண்பதில் ஒன்று), முந்திரி (முந்நூற்றிருபதில் ஒன்று) என்னும் வரிசையும் வரும். முக்காலை முக்காலால் பெருக்கினால் என்ன என்று கேட்டால், பலகையோ தாளோ இன்றி, "அரையே வீசம்" என்பான். பதினாறில் ஒன்பது என்று நாம் எழுதிக் காண்பதும் அதுவே. நெல்லிலக்கத்தில் செவிடு, ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, கலம் என முகத்தலளவைகள் அமைந்தன.

இக்கல்வியை வெறும் கிளிப்பிள்ளைப் பாடம் என ஒதுக்கியோர் பலர். அத்தீர்ப்பு எழுத்துப் பயிற்சிக்கு ஓரளவு பொருந்தும். எண் பயிற்சிக்குப் பொருந்தாது. களத்தில் 7 கலம் 5 குறுணி நெல் குவிந்துள்ளது. பாதி வாரம் எவ்வளவு? கலத்துக்குக் குறுணி 12, குறுணிக்கு நாழி 8. ஆகவே 3 கலம் 8 குறுணி 4 நாழி. இதை நின்ற இடத்தில் சொல்ல வல்லவனை எளிதில் ஏமாற்ற இயலாது. நினைவாற்றலே அங்குக் கற்றலின் கருவியாக இருந்தது என்பதைச் செந்தில் பாபு போன்ற ஆய்வாளர் அண்மைக் காலத்தில் நன்கு விளக்கியுள்ளனர்.

ஆயின் அத்திண்ணையில் ஏற இடம் பெற்றோர் யாவர்? 1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். (புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாதலால் அக்கணக்கினுள் வராது.) 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர். அவருள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. பலவகை உழுகுடிச் சாதியாரின் பிள்ளைகள் மிகுதியாகப் படித்தனர் என்பதைத் தரம்பால் 1983இல் இவ்வாவணங்களைத் தொகுத்து வெளியிட்டுக் காட்டினார், அது மெய்யே. ஆனால் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குத் திண்ணை பொதுவாக அடைத்தே கிடந்தது. களத்தில் நெல்லை அடித்தவன் ஒருவன், வாரத்தைக் கணக்கிட்டவன் வேறொருவன். தரம்பாலின் நூலைப் போற்றுவோர் இப்பக்கத்தை விரைந்து புரட்டிவிடுகின்றனர் என்பது எம் எண்ணம்.

நம் முன்னோடிகள் திண்ணைப் பள்ளியை அறியாதவரல்லர். 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கு, ஒரு திண்ணை வாத்தியாரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவரோடு அமர்ந்து மணலில் தமிழெழுத்துப் பயின்றார். சென்னை எழும்பூரில் 1789இல் ஆண்பிள்ளைகள் காப்பகத்தை ஏற்ற குருவானவர் ஆண்ட்ரூ பெல், தமிழ்ச் சிறார் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த பிள்ளை இளையவனுக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையும் அவர் கையில் புத்துருவம் பெற்றது. 1797இல் அவர் வெளியிட்ட சிறுநூலால் அம்முறை இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளுக்குச் சென்றது. மணல் கடல் கடந்தது, சட்டாம்பிள்ளையும் கடந்தான். பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் கடக்கவில்லை. கடக்க வேண்டிய தேவை அங்கில்லை என்பது விளங்குகிறது. ஆனால் இங்கேயே அவை நம் பள்ளிகளில் பின்தள்ளப்பட்டதுதான் நாம் கவனிக்கத்தக்கது.

சபைப் பள்ளியின் முதல் நோக்கம் ஒவ்வொருவரும் திருமறையைத் தாமே வாசிக்க வேண்டும் என்பதாகும். ஆகவே எழுத்து முன்னின்றது. ஓசையாக ஒப்பிப்பது போதாது, பொருளுணர்ந்து வாசிக்க வேண்டும் என்னும் கொள்கை கிராமத்துப் பள்ளிக்கு வந்ததில் இந்நோக்கத்துக்குப் பெரும் பங்குண்டு. திண்ணை ஏற இயலாதவருக்கும் பெண்களுக்கும் எழுத்தறிவு சென்றது. இப்பெருமையை எவரும் மறுக்கத் தேவையில்லை. கணக்கோ, 1854ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கைக்குப் பின் மானியம் பெறும் பள்ளிகளில் பரிசோதகர் தேர்வு செய்யும் பாடமாக வளர்ந்தது. அது தாளில் செய்யும் மேனாட்டுக் கணக்கு. ஊர்க் கர்ணமும் லேவாதேவிக்காரரும் மாவிலும் காணியிலும் வீசத்திலும் எழுதிக்கொண்டிருந்தனர். வேதாகமத்தைத் தடையின்றி வாசித்த நம் சபையார் பலர், அன்று மாலை நீட்டப்பட்ட கடன் பத்திரத்தின் வட்டியைச் சரிபார்க்க இயலாதவராக இருந்தனர் என்று கருத இடமுண்டு. ஒடுக்கப்பட்டோருக்கு நாம் கொடுத்த கல்வியில் ஒரு கண் மற்றதைவிடத் தெளிவாகத் திறந்தது.

1957 ஏப்ரல் 1ஆம் நாள் ரூபாய்க்கு நூறு காசு என்னும் தசம நாணயம் வந்தது. அடுத்து மெட்ரிக் அளவைகள் வந்தன. எண்சுவடியின் கடைசிப் பிடிப்பும் தளர்ந்தது. அதன் பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடு எழுத்துத் தொகுதியில் இடம் பெற்றுள்ளன. கணிப்பொறி அறியும்; பிள்ளைகள் அறியார்.

நார்த்தாமலை அடங்கிய புதுக்கோட்டை மாவட்டமே இக்கேள்வியை மீண்டும் எழுப்பியது. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றனர். மிதிவண்டியின் கதையைப் பத்திரிகையாளர் சாய்நாத் உலகறியச் செய்தார். நாம் பெரிதும் மதிப்பது கற்குவாரிகளின் கதையை. ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குக் கல்லுடைத்த ஏழைப் பெண்களின் குழுக்களுக்கே குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. லாரிக்கு இத்தனை ரூபாய், கூலிக்கு இவ்வளவு, குத்தகைக்கு இவ்வளவு என்பதை அவர்கள் பேச வேண்டியதாயிற்று. கையொப்பமிடக் கற்றவருக்கு அக்கையொப்பத்தின் மேலுள்ள தொகையும் விளங்கவேண்டும் அன்றோ!

கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு நெடுங்காலம் கடந்தபின், 2022 ஜூனில் தமிழக அரசு 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. எட்டு வயதுக்குள் பொருளுணர்ந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்பது அதன் குறிக்கோள். வகுப்பை மட்டும் நோக்காது, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கின்றனர். அவரவர் தேர்ச்சிக்கேற்பச் சுவடி மாறிய திண்ணைப் பள்ளியின் சாயல் இதில் இருப்பது வியப்பே. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுத்தில் மலராகவும் எண்ணில் அரும்பாகவும் இருக்கலாம். சபைப் பள்ளிகளுக்குச் செல்லும் போதகர்கள் ஒரு பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்பதுண்டு. ஒரு கணக்கும் கேட்போர் நாம் அறிந்தவரை மிகச் சிலரே.