ஹெட்போன் வாங்குமுன் கொஞ்சம் வரலாறு

கம்ப்யூட்டருக்கு ஒரு ஹெட்போன் வேணும், காதை முழுசாக மூடணும், விலை கம்மியா இருக்கணும், படிப்பு முடியும் வரைக்கும் உழைக்கணும். என்ன வாங்கலாம்? எங்கள் வகுப்பில் மாசத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். ஒரு மாடல் பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் அடுத்த வருஷம் அந்த மாடலே கடையில் இருக்காது. அதனால் இந்தச் சாமான் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். நூறு வருஷத்துக்கு மேல் கதை இருக்கிறது.

முதலில் இதைக் காதில் மாட்டியவர்கள் பாட்டுக் கேட்டவர்கள் இல்லை, தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர்கள். நாள் முழுக்க இணைப்பு மாற்றிக் கொடுக்க இரண்டு கையும் வேண்டும், எனவே ரிசீவரைத் தலையில் கட்டினார்கள். சென்னைக்கு 1880களின் தொடக்கத்திலேயே தொலைபேசி நிலையம் வந்துவிட்டது. ஆம்ப்ளிஃபயரில் செருகும் அந்தப் பெரிய கால் அங்குலப் பின் இருக்கிறதே, அது இந்த ஸ்விட்ச்போர்டுகளில் பிறந்தது. நம் லேப்டாப்பில் செருகும் 3.5 மி.மீ. பின் அதன் பேரப்பிள்ளை.

அடுத்தவர் நத்தானியேல் பால்ட்வின். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர். 1910இல் தன் வீட்டுச் சமையலறையில் ஒரு ஹெட்போன் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். சோதித்துப் பார்த்தவர்கள் அசந்து போனார்கள், அவர்களிடம் இருந்ததைவிட அவ்வளவு துல்லியம். ஆர்டர் கொடுத்தால், ஒரு தடவைக்குப் பத்துதான் தர முடியும் என்றாராம். பின்னே, சமையலறையில் அதற்கு மேல் எப்படிச் செய்வது! பிறகு ஃபேக்டரி வைத்தார், நன்றாகச் சம்பாதித்தார், எல்லாவற்றையும் இழந்தார், 1961இல் இறந்தார். அவர் பயன்படுத்திய 'பேலன்ஸ்டு ஆர்மேச்சர்' முறை இன்றும் காது கேட்கும் கருவிகளுக்குள் உயிரோடு இருக்கிறது.

நம்ம பக்கத்துக்கு வருவோம். 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் சென்னை மாகாண ரேடியோ கிளப் தொடங்கியது. அந்த வருஷம் ஜூலை 31 முதல் ஒலிபரப்பு. பணமில்லாமல் 1927இல் நின்றது. டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சிக்குக் கொடுத்துவிட்டார்கள், மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் நடத்தியது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலி சென்னை நிலையம் வந்தது.

அந்தக் காலத்தில் விலை குறைந்த ரேடியோ என்றால் கிரிஸ்டல் செட். அதற்குப் பேட்டரி கிடையாது, கரண்ட் கிடையாது. ஏரியலில் வந்து விழும் அலையின் சக்தியே காதில் ஒலியாக வேண்டும். ஸ்பீக்கரை ஆட்ட அது போதாது, ஹெட்போன் ஒன்றுதான் வழி. அதுவும் 2000, 4000 ஓம் என்று தலைமயிர் மாதிரி மெல்லிய கம்பியைப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றிய ஹெட்போன். சென்னையின் அந்தச் சின்ன டிரான்ஸ்மிட்டரை நம்ம திருவண்ணாமலையில் உட்கார்ந்து கிரிஸ்டல் செட்டில் கேட்டிருக்க முடியாது, தூரம் அதிகம்.

இந்த ஓம் கணக்கு இன்றைக்கும் வேண்டும். லேப்டாப், மதர்போர்டு எல்லாம் 16 முதல் 32, அதிகம் போனால் 80 ஓம் வரை சுலபமாக ஓட்டும். 250, 300 ஓம் ஸ்டுடியோ ஹெட்போன் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கும். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், எழுதியிருப்பார்கள்.

1937இல் ஜெர்மனியில் பேயர் கம்பெனி டிடி 48 என்ற மாடலைக் கொண்டுவந்தது. உள்ளே சின்ன ஸ்பீக்கர் போலவே காந்தமும் அசையும் சுருளும். நாம் வாங்கும் பெரிய ஹெட்போன்களில் அநேகமாக எல்லாமே அந்த முறைதான். அந்த மாடலை 2012 வரை தயாரித்தார்கள். எழுபத்தைந்து வருஷம்! 1958இல் ஜான் காஸ் ஸ்டீரியோ பாட்டுக் கேட்பதற்கென்றே எஸ்பி/3 செய்தார். அதற்குப் பிறகுதான் இது வீட்டுச் சாமான் ஆனது.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது 1968இல் வந்த சென்ஹைசர் எச்டி 414. மஞ்சள் நுரைப்பஞ்சு வைத்த, லேசான ஹெட்போன். அந்தப் பஞ்சு அழுக்கானால் கழற்றிப் புதுசு போடலாம். வயர் அறுந்தால் வயரை மட்டும் கழற்றி மாற்றலாம். கோடிக்கு மேல் விற்றது. அப்புறம் ஏன் இத்தனை கம்பெனிகள் வயரை உள்ளேயே ஒட்டி விற்றன என்பது எனக்குப் புரியவே இல்லை (புரிகிறது, சொல்லத்தான் மனசு வரவில்லை). ஆடியோ டெக்னிக்காவின் பிரபலமான எம்50 மாடல் 2007இல் ஒட்டிய வயரோடுதான் வந்தது. 2014இல் எம்50எக்ஸ் என்று கழற்றும் வயரோடு திரும்ப வந்தது. 1968இல் தெரிந்த விஷயம்!

ஹெட்போனுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் லேசில் சாகாது. சாவது மூன்று இடத்தில். பின்னுக்குப் பக்கத்தில் வயர், காது மெத்தை, தலைப்பட்டை மடங்கும் மூட்டு. சோனி எம்டிஆர்-வி6 என்று 1985இல் வந்த மாடல் இருக்கிறது, அதன் தம்பி 7506 1991இல் வந்தது. இரண்டிலும் மெத்தையின் தோல் கறுப்புச் செதிலாக உரிந்து காதோரம் ஒட்டும். ஆனால் பத்து, இருபது வருஷம் கழித்தும் பாடும். மெத்தையைப் பிய்த்து வேறு போட்டால் போதும்.

நம்ம ஊர் வெயிலுக்கு அந்த ரெக்சின் தோல் இன்னும் சீக்கிரம் உரியும். வியர்வையும் ஈரமும் அதற்கு எமன். துணி மெத்தை கிடைத்தால் நல்லது, ஆனால் வெளிச்சத்தம் கொஞ்சம் உள்ளே வரும். மூடிய வகையா திறந்த வகையா என்று கேட்டால், திருவண்ணாமலைக்கு மூடியதுதான் என்பேன். பௌர்ணமி அன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம், பஸ் ஹாரன். தீபத்துக்கு எந்தத் தெருவில் இருந்தாலும் ஒலிபெருக்கி. திறந்த ஹெட்போன் மாட்டினால் அதையெல்லாம் அமுக்க வால்யூமை ஏற்றிக்கொண்டே போவீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான். மூன்று டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 90க்குப் போனால் வாரத்துக்கு 4 மணி நேரம். காதுக்கு ஸ்பேர் கிடைக்காது.

விலைக்கு வருவோம். 400 ரூபாய் ஹெட்போன் ஆறு மாசம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு வருஷத்துக்கு எட்டு, மொத்தம் 3200. அதில் பாதிக்கு வயர் கழற்றும் மாடல் ஒன்று வாங்கி, நடுவில் இரண்டு வயரும் ஒரு ஜோடி மெத்தையும் மாற்றினாலும் மிச்சம்தான். ஹெட்போன் பக்கத்திலும் சாதாரண 3.5 மி.மீ. ஓட்டை இருக்கிற மாடலாகப் பாருங்கள். முறுக்கிப் பூட்டும் தனி வயர் நம்ம ஊர்க் கடையில் கிடைக்காது. சாதா ஆக்ஸ் வயர் எந்த மொபைல் கடையிலும் தொங்கும். மைக்கோடு வாங்கினால் பின்னையும் கவனியுங்கள். டெஸ்க்டாப்பில் பச்சை, பிங்க் என்று இரண்டு ஓட்டை, இன்றைய லேப்டாப்பில் பெரும்பாலும் ஒன்றுதான்.

ஒட்டிய வயர் ஹெட்போன் ஏற்கெனவே கையில் இருந்து ஒரு பக்கம் மட்டும் கேட்கவில்லை என்றால் தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலும் பின் அருகில்தான் அறுந்திருக்கும். வெட்டிவிட்டுப் புதுப் பின் வைத்து சால்டர் செய்யலாம். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகளுக்குச் சிவப்பு, பச்சை என்று எனாமல் பூச்சு இருக்கும், அதை லேசாகச் சுட்டு எடுத்த பிறகுதான் ஈயம் ஒட்டும்.