பகடைக் கணக்குப் புதிர்கள்

பகடையை உருட்டுமுன் எந்த எண் விழ எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று கணித்துச் சொல்லும் புதிர்களே நிகழ்தகவியலின் மிகப் பழைய பயிற்சிக்களம். இவற்றின் வரலாற்றை 1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்து தொடங்குவது வழக்கம். அக்கடிதங்களின் சிறப்பை மறுப்பதற்கில்லை. ஆயினும் கிடைக்கும் சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், இப்புதிர்களில் பெருக்கல் வகுத்தலைவிட, எவற்றைச் சேர்த்து எண்ணுவது, எவற்றைத் தனித்தனியாக எண்ணுவது என்று தீர்மானிப்பதே கடினமாக இருந்தது என்பது புலப்படும். அந்தத் தீர்மானம் 1654க்கு நான்கு நூற்றாண்டுகள் முன்பே ஒருவர் கைக்கு எட்டிவிட்டது.

அதற்கு முந்தைய காலத்துக்குச் சான்றுகள் சொற்பம். கிரேக்கரும் ரோமானியரும் உருட்டிய கணுக்கால் எலும்புகளுக்கு நான்கு பக்கங்களே பயன்பட்டன. அவை சமவாய்ப்புடன் விழுவதுமில்லை. இந்தியாவில் தான்றிக்காய்கள் பகடையாயின. மகாபாரதத்தின் நளன் கதையில், புகழேந்தியின் நளவெண்பா வழியாகத் தமிழர் நன்கறிந்த இருதுபன்னன், தான்றி மரக்கிளையின் காய்களை எண்ணாமலே எத்தனை என்று சொல்கிறான்; அவனுக்கு அந்த எண்ணறிவும் சூதாட்ட அறிவும் சேர்ந்தே இருந்தன. இதை வைத்து நிகழ்தகவுச் சிந்தனை இந்தியாவில் முன்பே இருந்தது என்று கொள்வாரும் உளர். அது சாத்தியமே, ஆனால் கணித்த முறையைக் கதை சொல்வதில்லை. ஐரோப்பாவில் 10ஆம் நூற்றாண்டில் காம்ப்ரேயின் ஆயர் விபோல்ட், மூன்று பகடைகளின் 56 சேர்க்கைகளுக்கு 56 நற்பண்புகளை ஒதுக்கி ஓர் ஆட்டம் வகுத்தார். திருப்பம் 13ஆம் நூற்றாண்டின் ‘தே வெதுலா’ என்ற இலத்தீன் நெடுங்கவிதையில் வருகிறது. ரோமானியக் கவிஞர் ஓவிட் பெயரில் உலவிய இதை ரிஷார் த ஃபோர்னிவால் எழுதியதாகப் பலர் கருதுகின்றனர், ஐயம் தீரவில்லை. 56 சேர்க்கைகளும் சம எடை உடையவை அல்ல, மூன்று பகடைகளும் விழும் வழிகள் மொத்தம் 216 என்று இக்கவிதை தெளிவாகக் கணக்கிடுகிறது.

இத்தாலிய மருத்துவர் கார்டானோ 16ஆம் நூற்றாண்டில் எழுதிய சூதாட்ட நூல் 1663இல்தான் அச்சேறியது. அதில் ஓரிடத்தில், ஒரு குறிப்பிட்ட முகம் மூன்று வீச்சில் விழுவது சரிபாதி வாய்ப்பு என்கிறார். உண்மையில் அது 216க்கு 91தான். பிற இடங்களில் அவரே சரியான வழியைக் காட்டுகிறார். கலிலியோவின் சிறு குறிப்பு இதைவிடத் துல்லியமானது. மூன்று பகடைகளில் 9 என்ற கூட்டுத்தொகையும் 10 என்ற கூட்டுத்தொகையும் ஆறாறு சேர்க்கைகளால் வருகின்றன. அப்படியிருக்க, 10 அடிக்கடி விழுவதாக ஆட்டக்காரர் சொல்வது ஏன்? 9க்கான சேர்க்கைகளில் 3, 3, 3 என்பதும் ஒன்று. அது ஒரே வழியில் விழும். 5, 2, 2 மூன்று வழிகளிலும், 6, 2, 1 ஆறு வழிகளிலும் விழும். ஆறு சேர்க்கைகளையும் இப்படிக் கூட்டினால் 9க்கு 25 வழிகள். 10க்கோ மூன்றும் ஒன்றான சேர்க்கையே கிடையாது. அதற்கு 27 வழிகள்.

ஆட்டக்காரரின் அனுபவம்தானே முதலில் வந்தது, கணக்கு பின்னால் வந்த விளக்கம்தானே என்று இங்கே கேட்கலாம். கேள்வி நியாயமானது, கலிலியோவே நீண்ட நாள் ஆடியவர்களின் அவதானிப்பாகத்தான் இதைச் சொல்கிறார். ஆனால் வேறுபாடு 216இல் 2 மட்டுமே. தற்செயல் ஏற்ற இறக்கத்திலிருந்து அதை ஓரளவு நம்பிக்கையுடன் பிரித்தறியப் பதினோராயிரம் வீச்சுகளாவது தேவைப்படும், அதுவும் ஒவ்வொன்றையும் எழுதி வைத்தால். எனவே அனுபவம் என்று அவர்கள் சொன்னதில் விரல்விட்டு எண்ணிப் பார்த்ததும் கலந்திருக்கலாம்.

இதே ஐயம் ஷெவாலியே த மேரே எனப்பட்ட அந்துவான் கோம்போவின் புகழ்பெற்ற கதைக்கும் பொருந்தும். ஒரு பகடையை நான்கு முறை உருட்டி ஒரு ஆறாவது விழும் என்ற பந்தயத்தில் அவர் பணம் சேர்த்தார், இரண்டு பகடைகளை 24 முறை உருட்டி இரட்டை ஆறு விழும் என்ற பந்தயத்தில் இழந்தார், நொந்துபோய்ப் பாஸ்கலிடம் வந்தார் என்பது பாடநூல்களில் பரவிய வடிவம். 1654 ஜூலை 29 தேதியிட்ட பாஸ்கலின் கடிதத்தில் இழப்பைப் பற்றிய பேச்சே இல்லை. முதல் பந்தயத்தில் சாதகம் 671க்கு 625, இரண்டாவதில் பாதகம். ஆனால் 6க்கு 4 எப்படியோ அப்படியே 36க்கு 24. ஆகவே எண்கணிதம் தன்னையே மறுக்கிறது என்பது த மேரேயின் குற்றச்சாட்டு. இரட்டை ஆறுக்கான வாய்ப்பு 0.4914; இந்தச் சிறு குறையை மேசையில் உணர, 24 வீச்சு கொண்ட சுற்றுகள் ஏறத்தாழ 13,500 வேண்டும். ஆகவே த மேரே தாமே கணக்கிட்டுத்தான் இம்முரணைக் கண்டார் என்பதே பொருத்தமாகப் படுகிறது. அவருடைய விகித விதியும் வெறும் பிழையன்று. சரிபாதி வாய்ப்புக்கான எல்லை ஒரு பகடைக்கு 3.8 வீச்சு, இரண்டுக்கு 24.6. விதி தோராயமாகச் சரி. முழு எண்ணாக்கும்போதுதான் சறுக்குகிறது. 25 வீச்சு என்றால் வாய்ப்பு 0.5055 ஆகிவிடும்.

ஹைகன்ஸ் 1657இல் வெளியிட்ட சிறுநூல் இத்தகைய புதிர்களை ஐரோப்பா எங்கும் பரப்பியது. யாக்கோப் பெர்னூலியின் நூல் 1713இலும் த முவாவ்ரின் நூல் 1718இலும் வந்தன. இடையில் நிகழ்ந்த ஒரு கடிதப் பரிமாற்றம் தனிக் கவனத்துக்கு உரியது. 1693 நவம்பரில் நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பீஸ் நியூட்டனுக்கு எழுதினார்: ஆறு பகடைகளில் ஒரு ஆறு, பன்னிரண்டில் இரண்டு, பதினெட்டில் மூன்று, எது எளிது? புதிரின் வாசகம் தெளிவாயில்லை என்று சுட்டிய நியூட்டன், ‘குறைந்தது’ என்று பொருள்கொண்டு விடை சொன்னார். முதலாவதே எளிது: வாய்ப்புகள் முறையே 0.665, 0.619, 0.597. பெப்பீஸ் மூன்றாவதையே எளிதென்று எண்ணியிருந்தார். நியூட்டனின் எண்கள் சரி. உடன் சொன்ன தர்க்க விளக்கம் முழுமையாக நிற்காது என்று ஸ்டீபன் ஸ்டிக்லர் 2006இல் காட்டினார்.

இவையெல்லாம் ஆறு முகங்களும் சமம் என்ற கருதுகோளில் நிற்பவை. அதையே சோதித்தவர் ஆங்கில உயிரியலாளர் வெல்டன். பன்னிரண்டு பகடைகளை 26,306 முறை உருட்டியதில் ஐந்தும் ஆறும் மூன்றில் ஒரு பங்குக்குப் பதில் 0.3377 விழுந்தன. கார்ல் பியர்சன் 1900இல் தம் கை-வர்க்கச் சோதனையை விளக்க இத்தரவைப் பயன்படுத்தினார். புள்ளிகளுக்காகக் குடைந்ததில் ஆறு உள்ள முகம் எடை குறைந்தது காரணமாகலாம் என்பர்.

அண்மைக்கால வளர்ச்சிகளில் இரண்டை இங்கே குறிக்கலாம். ஒன்றையொன்று சுழற்சியாக வெல்லும் எஃப்ரன் பகடைகளை மார்ட்டின் கார்ட்னர் 1970இல் அறிமுகப்படுத்தினார். 1978இல் அவர் எழுதிய சிக்கர்மன் பகடைகளில் ஒன்றின் முகங்கள் 1, 2, 2, 3, 3, 4. மற்றதன் முகங்கள் 1, 3, 4, 5, 6, 8. இவற்றைச் சேர்த்து உருட்டினாலும், சாதாரணப் பகடைகளில் போலவே 7 ஆறு வழிகளிலும் 2 ஒரே வழியிலும் வரும்.