பாடம் விற்ற கதை: பென்னி தபால் முதல் மேகம் வரை

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கறதால தள்ளிப்போன பதிவு இது. பொட்டி தட்டுற வேலைல இருக்கறதால மாசத்துக்கு ஒருத்தராவது "கிளவுட்ல கோர்ஸ் போட்டு விக்கலாமா, எவ்ளோ ஆகும்?"னு கேக்கறாங்க. கேட்பவர்கள் எல்லோரும் இது ஏதோ முந்தாநாள் முளைத்த யாவாரம் என்றே நினைக்கிறார்கள். இல்லீங்க. இதுக்கு நூத்தி எண்பது வருஷத்துக் கதை இருக்கு. கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க.

1840இல் இங்கிலாந்தில் தபால் கட்டணத்தைக் குறைத்து, ஒரு பென்னிக்கு நாடு முழுக்கக் கடிதம் அனுப்பலாம் என்றார்கள். ஐசக் பிட்மன் தன் சுருக்கெழுத்தைத் தபாலில் சொல்லித்தர ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். மாணவன் பயிற்சியை எழுதி அனுப்புவான், அவர் தரப்பில் திருத்தித் திருப்பி அனுப்புவார்கள். நம்ம ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போர்டுல 'ஷார்ட்ஹேண்ட்'னு போட்டிருக்குமே, அதே பிட்மன்தான். தபால் செலவு குறைஞ்சதும் பாடம் விக்கிற ஆள் வந்துட்டார்ங்கறத மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

இந்தியாவில் டெல்லி பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியை ஆரம்பித்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979, இக்னோ 1985, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002. எங்க வேலூர்ல (கோட்டை இருக்கற வேலூர் இல்லீங்க, காவிரிக்கரை வேலூர், பரமத்தி வேலூர்) எங்க அத்தை ஒருத்தங்க வாழைத்தோப்புக்கு நடுவுல உக்காந்தே அஞ்சல் வழியில பி.காம் முடிச்சாங்க. புஸ்தகக் கட்டு தபால்ல வரும். அத்தை முடிச்சதும் அந்தக் கட்டு பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போச்சு, அங்கிருந்து அவங்க நாத்தனாருக்கு. யாரும் அதைத் திருட்டுன்னு சொல்லல. கட்டின பணம் பரீட்சைக்கும் பட்டத்துக்கும்தான், புஸ்தகம் கூட வந்த சாமான்.

இந்தக் கணக்குதான் இணையத்துக்கும் அப்படியே வந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்இணையம் 99 மாநாடு நடந்தது. அதைத் தொடர்ந்து வா.செ. குழந்தைசாமி தலைமையில் 2001 பிப்ரவரி 17ஆம் தேதி தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. வெளிநாட்டில் வளரும் நம்ம பிள்ளைகளுக்கு மழலைக் கல்வியிலிருந்து பட்டப்படிப்பு வரை இணையத்திலேயே தமிழ். யோசிச்சுப் பாருங்க, யூட்யூப் வந்ததே 2005. யூனிகோடு பரவலாகாத காலம், மாநாட்டில் ஏற்றுக்கொண்ட டாம், டாப் குறியாக்கத்துல எழுத்துருவை இறக்கி நிறுவினாத்தான் பாடமே கண்ணுக்குத் தெரியும், இல்லாட்டி ஜிலேபி ஜிலேபியாத்தான் வரும். பாடங்களை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் பதிவு செய்து, கட்டணம் கட்டி, தேர்வு எழுத வேண்டும். பின்னாளில் இதுதான் தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று பெயர் மாறியது. இதைப் பத்தி நம்மாளுங்க பெருமையா பேசறதே இல்ல, ஏன்னு எனக்குப் புரியல.

என்.பி.டி.இ.எல்.லும் அதே வழிதான். அன்றைக்கு இருந்த ஏழு ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் வேலையை ஆரம்பித்தன. வீடியோ கனமானது, கல்லூரிகளின் இணைப்போ நூல் மாதிரி. அதனால் பாடங்களை ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்தும் கல்லூரிகளுக்குக் கொடுத்தார்கள். நான் இன்ஜினியரிங் படிச்சப்பவும் சீனியர் ஹார்ட் டிஸ்க்ல இருந்து பென்டிரைவ்ல ஏத்தித்தான் சிக்னல்ஸ் பாடம் பார்த்தேன். 2014இல் இணையவழிச் சான்றிதழ் வந்தது. பாடம் இலவசம், நேரில் போய் எழுதும் தேர்வுக்குத்தான் பணம். அத்தையோட பி.காம் கணக்கேதான்.

அப்ப பாடத்தையே விக்கிற ஆள் எப்ப வந்தான்? இங்கதான் மேகம் வருது.

2006 மார்ச் 14. அமேசான் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையைத் திறந்தது. விலைப்பட்டியல் ரொம்பச் சின்னது: ஒரு ஜிபி வைத்திருக்க மாதம் 15 சென்ட், ஒரு ஜிபி அனுப்ப 20 சென்ட். சர்வர் வாங்க வேண்டாம், கிரெடிட் கார்டு இருந்தா போதும். கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 ஜிபி வீடியோ கோர்ஸ் ஒண்ணு. வெச்சிருக்க மாசம் ஒன்றரை டாலர். நூறு பேர் முழுசா இறக்கினா 1000 ஜிபி, 200 டாலர். சரக்கு வைக்கிற கிடங்கு சும்மா மாதிரி, லாரி வாடகைதான் கொல்லும். இன்றைக்கு அமெரிக்க மையத்தில் வைக்கும் செலவு ஜிபிக்கு 2.3 சென்ட், அதாவது ஆறில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. அனுப்பும் செலவு 9 சென்ட், பாதியாகக்கூடத்தான் குறைந்திருக்கிறது. மாதம் முதல் 100 ஜிபி இலவசம் போக அதே நூறு பேருக்கு 81 டாலர். 2022இல் கிளவுட்ஃப்ளேர், அனுப்பும் கட்டணமே இல்லாத ஆர்2வைப் பொதுவில் திறந்தது. பென்னி தபாலுக்கு நிகரா நான் சொல்றது இதைத்தான்.

நம்ம நாட்டுல இன்னொரு பக்கம் இருக்கு. மாணவன் கையில் டேட்டா வேண்டாமா? 1 ஜிபிக்கு இருநூத்தைம்பது ரூபாய் சுத்தி கொடுத்த காலத்துல 10 ஜிபி கோர்ஸ் பார்க்க அவனுக்கே ரெண்டாயிரத்து ஐநூறு ஆயிடும். 2016இல் யுபிஐ வந்தது, அதே வருஷம் செப்டம்பரில் ஜியோ வந்தது. பணம் வாங்கவும் வழி, படம் பார்க்கவும் வழி. நான் மூணாவது வருஷம், ஹாஸ்டல் முழுக்க சிம் வாங்க வரிசைல நின்னது இன்னும் கண்ணுல நிக்குது.

நடுவில் தரகர்களும் வந்தார்கள். 2010இல் யூடெமி. அவர்களே ஆள் பிடித்து விற்றால் ஆசிரியருக்கு 37 சதவீதம், ஆசிரியரே தன் இணைப்பில் விற்றால் 97. எங்க ஊர்ல வாழைத்தார் ஏலத்துக்குப் போறவங்க யாரைக் கேட்டாலும் இந்த விகிதத்தை ஒரு நிமிஷத்துல விளக்கிடுவாங்க. தமிழில் தொழில்நுட்பம் சொல்லித்தர சென்னையில் 2014இல் குவி நிறுவனமானது, 2022இல் பெரும்பான்மைப் பங்கை எச்சிஎல் வாங்கியது.

இனி நான் கிட்ட இருந்து பார்த்த ஒரு ஆள். பேர் வேண்டாம், பிளஸ் டூ கணக்கு ட்யூஷன் எடுக்கற சார். 2020 ஊரடங்குல ட்யூஷன் நின்னு வருமானம் சுத்தமா போச்சு. போனை ஸ்டாண்டுல மாட்டி நாப்பது வீடியோ எடுத்தார். கூகுள் டிரைவ்ல ஏத்தி, 499 ரூபாய் ஜிபே பண்றவங்க மின்னஞ்சலை ஒவ்வொண்ணா தானே சேர்த்தார். மூணு மாசம் நல்லாப் போச்சு. அப்புறம் அதே நாப்பதும் ஒரு டெலிகிராம் குழுவுல கிடந்தது. விற்பனை நின்னே போச்சு.

"ஏந் தம்பி, இத பூட்ட முடியாதா?"ன்னு கேட்டார்.

பூட்டலாம் சார்னு எஸ்3க்கு மாத்திக் கொடுத்தேன். கோப்பைத் தனியுரிமையா வெச்சு, பணம் கட்டினவருக்கு மட்டும் ரகசியச் சாவியால கையெழுத்திட்ட இணைப்பு தருவோம். அரைமணி நேரத்துல அது காலாவதி. வீடியோ மேல மாணவரோட போன் நம்பரும் ஓடும். இணைப்பைப் பகிர்றது நின்னுது. ஆனா திரையை இன்னொரு போன்ல படம் பிடிச்சா எந்த மேகமும் ஒண்ணும் பண்ண முடியாது. எங்க பக்கத்து வெத்தலை ரெண்டு நாள்ல வாடிடும், அதனால அன்னன்னைக்கு வாங்கித்தான் ஆகணும். வீடியோ வாடறதே இல்ல.

சார் ஒரு வாரம் யோசிச்சுட்டு வந்து, "வீடியோவ யூட்யூப்ல சும்மாவே போட்ரு தம்பி. பையன் கணக்கு போட்டு அனுப்பட்டும், நான் திருத்தித் தர்றேன். அதுக்குக் காசு வாங்கிக்கறேன்"னாரு. பிட்மன் பேரையே சார் கேள்விப்பட்டது இல்ல, நான் சொன்னப்ப "யாரு, ஷார்ட்ஹேண்ட் புக்கு எழுதுனவரா?"ன்னாரு.

இப்ப மாசம் 300 ரூபாய், அறுபது பேர். கரூர்ல இருந்தும் சேர்ந்திருக்காங்க, ஒரு பொண்ணு மஸ்கட்ல இருந்து. பசங்க விடைத்தாளைப் படம் எடுத்து ஏத்தறாங்க, சார் பிரிண்ட் எடுத்து சிவப்பு மசியில திருத்தி மறுபடி படமா அனுப்பறார். எஸ்3ல இப்ப கிடக்கறது விடைத்தாள் படம் மட்டும், மொத்தமே 3 ஜிபி. போன மாச சேமிப்புக் கட்டணம் பத்து ரூபாய்கூட வரல.

காலாவதி ஆகற இணைப்பு எப்படிச் செய்யறதுன்னு அடுத்த பதிவுல நிரலோட போடறேன். அஞ்சல்வழில படிச்சவங்க யாராச்சும் இருந்தா உங்க புஸ்தகக் கட்டு யார் யாருக்குப் போச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.