பரிமாற்றக் கற்பித்தல்

வாசித்துப் பொருளுணரும் திறனை வளர்க்க கல்வி உளவியலாளர்கள் ஆன்மேரி பாலின்ஸ்கார், ஆன் பிரவுன் ஆகியோர் உருவாக்கிய கற்பித்தல் உத்தி. இதைச் சோதித்து எழுதிய ஆய்வுக் கட்டுரையை இருவரும் 1984இல் வெளியிட்டனர்.

செயல்முறை: சிறு குழு ஒரு பத்தியை வாசிக்கும். பின் சுருக்கிக் கூறல், வினா எழுப்பல், ஐயம் தெளிதல், அடுத்து வருவதை ஊகித்தல் என்னும் நான்கையும் செய்யும். முதலில் ஆசிரியர் செய்துகாட்டுவார். படிப்படியாக மாணவர்களே முறைவைத்து உரையாடலை நடத்துவர்.

சோதனை: சொற்களைத் தடையின்றி வாசித்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் சுமார் 20 நாள் பயிற்சி நடந்தது. முன்தேர்வு, பின்தேர்வு, ஒப்பீட்டுக் குழு ஆகியவற்றைக் கொண்டு அளந்தபோது தெளிவான முன்னேற்றம் தெரிந்தது.

மறுஆய்வு: பராக் ரோசன்ஷைன், கார்லா மீஸ்டர் ஆகியோர் 1994இல் இம்முறை பற்றிய 16 ஆய்வுகளைத் தொகுத்தனர். பயிற்சியால் வந்த முன்னேற்றத்தைக் காட்டும் விளைவளவு, ஆய்வாளர்களே தயாரித்த தேர்வுகளில் 0.88, தரப்படுத்திய தேர்வுகளில் 0.32 மட்டுமே. எந்தத் தேர்வால் அளக்கிறோம் என்பதும் முடிவை மாற்றும் என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது.

பயன்பாடு: கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலுள்ள மில்பிடாஸ் போன்ற ஊர்களில் தமிழை எழுத்துக்கூட்டி வாசித்தும் பொருள் புரியாமல் தவிக்கும் பிள்ளைகளுக்கு இம்முறை உதவலாம். தனிக் கருவி எதுவும் வேண்டாம். பொருத்தமான பத்தியும் பொறுமையான ஆசிரியரும் போதும். பயன் உண்டா என்பதை அங்கும் முன்தேர்வு, பின்தேர்வு வைத்தே உறுதிசெய்ய வேண்டும்.