கட்டுரைத் தேடலும் தரவுத்தளங்களும்: தமிழியல் நோக்கில் ஒரு வரலாறு

முன்னுரை

தமிழ் முனைவர்ப்பட்ட ஆய்வேடுகளின் முதல் இயலில் ‘இப்பொருள் குறித்து இதற்குமுன் ஆய்வு நிகழ்த்தப்பெறவில்லை’ என்னும் கருத்து ஏதேனும் ஒரு வடிவில் இடம்பெற்றுவிடுகிறது. முன்பு இக்கூற்றுக்குத் துணைநின்றவை நெறியாளரின் நினைவாற்றலும் நூலகப் பட்டியல் அட்டைகளுமே. இன்றோ, நூலகம் வழங்கும் இணையத் தரவுத்தளங்களில் தேடியும் கிடைக்கவில்லை என்பது சான்றாகக் காட்டப்பெறுகிறது. இச்சான்றின் வலிமையை அறிய வேண்டுமாயின், தரவுத்தளம் என்பது எவ்வாறு தோன்றியது, யாருக்காகத் தோன்றியது, அதனுள் தமிழ்க் கட்டுரைக்குக் கிடைத்த இடம் யாது என்பவற்றை வரலாற்று நோக்கில் காண்பது இன்றியமையாதது.

நூலுக்குப் பட்டியல், கட்டுரைக்கு இல்லை

இதழ்க் கட்டுரைகளுக்கு அடைவு அமைக்கும் முயற்சி அமெரிக்காவின் யேல் கல்லூரியில் ஒரு மாணவரால் தொடங்கப்பெற்றது. சொற்போர் மன்றங்களுக்குப் பொருள் தேடிய மாணவர்களுக்கு நூலகத்திலிருந்த இதழ்களின் உள்ளடக்கம் எட்டாமற் போவதைக் கண்ட வில்லியம் பிரெடரிக் பூல், 1848-இல் பொருளடைவு ஒன்றை வெளியிட்டார். அதன் விரிந்த பதிப்பு 1882-இல் வந்தது. எச். டபிள்யூ. வில்சன் நிறுவனத்தின் இதழடைவு 1901-இல் தொடங்கியது. இவை பின்னர்க் கணினிக்கு மாறின. அமெரிக்க மருத்துவ நூலகத்தின் கணினி அடைவு 1964-இல் செயற்படத் தொடங்கி, 1971-இல் தொலைவிலிருந்தே தேடத்தக்க மெட்லைன் ஆயிற்று. இன்று நாம் காணும் ஆசிரியர், தலைப்பு, பொருட்சொல் என்னும் தேடற் கட்டங்களும், ‘மற்றும்’, ‘அல்லது’, ‘நீங்கலாக’ எனச் சொற்களை இணைக்கும் முறையும் அக்காலத்து அமைப்புகளில் வேரூன்றியவை.

தமிழில் நிலைமை வேறு. ஜான் மர்டாக் 1865-இல் தமிழ் அச்சு நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்திப் பட்டியலிட்டார். பிரித்தானிய அருங்காட்சியகத் தமிழ் நூற்பட்டியலைப் பார்னெட்டும் போப்பும் 1909-இல் வெளியிட்டனர். தனிநாயகம் அடிகள் 1966-இல் கோலாலம்பூரிலிருந்து வெளியிட்ட தமிழியல் வழிகாட்டி நம் துறையின் பெருங்கொடை; எனினும் அதன் தலைப்பிலேயே ‘நூல்கள்’ என்னும் வரையறை உண்டு. நூலுக்குப் பட்டியல் செய்த மரபு நம்மிடம் நூறாண்டுக்கு மேலாக இருந்தும், கட்டுரைக்கு அடைவு செய்யும் மரபு அதனோடு ஒப்ப வளரவில்லை.

இது சிறு குறையன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழாய்வு பெரிதும் இதழ்களிலேயே நிகழ்ந்தது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ 1902-இல் தோன்றியது. ‘செந்தமிழ்ச் செல்வி’ 1923-இலும், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ‘தமிழ்ப் பொழில்’ 1925-இலும் தொடர்ந்தன. பாடவேறுபாடு, புலவர் காலம், கல்வெட்டுச் செய்தி என இன்று நாம் புதிதாக எண்ணி எழுதும் பொருள்கள் பலவற்றின் முதல் விவாதங்கள் இவற்றின் பக்கங்களில் உள்ளன. நூலாகத் தொகுக்கப்பெற்றவை தப்பின. ஏனையவை இதழ்க் கட்டுகளுக்குள் கிடக்கின்றன.

இந்தியாவில் அடைவுப் பணி

கட்டுரை என்னும் நுண்ணலகை அடையாளம் காட்டுவதே ஆவணப்பணியின் உயிர் என்று வற்புறுத்தியவர் சீர்காழியிற் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். 1952-இல் தில்லியில் இந்திய தேசிய அறிவியல் ஆவண நடுவம் அமைந்ததில் அவர் பங்கு உண்டு. ஆனால் அதன் களம் அறிவியல். இந்திய இதழ்களுக்கான பொது அடைவு 1964-இல் குர்கானிலிருந்தும், ‘இண்டெக்ஸ் இந்தியா’ 1967-இல் இராஜஸ்தான் பல்கலைக்கழக நூலகத்திலிருந்தும் வெளிவரத் தொடங்கின. இரண்டும் ஆங்கில எழுத்துகளுக்கானவை. அரங்கநாதன் பிறந்த மொழிக்கு அவருடைய கருவி வந்துசேராதது நம் கல்வி வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

ஆசியவியலுக்கெனவே அமைந்த அமெரிக்க நூலடைவின் நிலையும் நோக்கத்தக்கது. ஆசியவியற் கழகம் தொகுத்த இவ்வடைவின் இணையப் பதிப்பில் 1971 முதலான பதிவுகள் உள்ளன. கட்டுரைகளை அது விரிவாகக் காட்டுகிறது. ஆயினும் மேலை மொழிகளில் எழுதப்பெற்றவை மட்டுமே அதன் எல்லை. புறநானூறு பற்றிய செருமானியக் கட்டுரை அதிற் கிடைக்கும். தமிழ்க் கட்டுரை கிடைக்காது. இது கவனக்குறைவால் நேர்ந்ததன்று, வகுத்துக்கொண்ட எல்லை. அவ்வெல்லையை அறியாது தேடுபவர் ‘இல்லை’ என்னும் விடையைப் பிழைபடப் பொருள்கொள்வர்.

அமெரிக்காவில் 1995-இல் தொடங்கப்பெற்ற ஜேஸ்டார், பழைய இதழ்த் தொகுதிகள் நூலகத் தட்டுகளில் அடைத்துக்கொண்ட இடத்தை மீட்கும் நோக்கில் எழுந்தது. அமெரிக்கக் கீழ்த்திசைக் கழக இதழ், இலண்டன் கீழ்த்திசைப் பள்ளி இதழ் ஆகியவற்றின் பழைய தொகுதிகள் இதன்வழி நம் மேசைக்கு வந்தன. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக்குழு 1991-இல் தொடங்கிய இன்ஃபிளிப்நெட் திட்டம் 1996-இல் தனி நடுவமாயிற்று. மின்னிதழ்களைக் கூட்டாகப் பெற்றுப் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கும் பணி 2004-இல் தொடங்கி, 2015-இல் ‘இ-சோத்சிந்து’ என ஒருங்கிணைந்தது. 2025 சனவரியில் செயற்பாட்டுக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துள்ளது. தில்லி, காசி, அலிகர் முதலிய இடங்களில் இருந்து தமிழ் ஆய்வோர்க்கு இவ்வசதியின் அருமை நன்கு தெரியும். அதே வேளையில் இவர்களுக்கே இதன் இடைவெளியும் பெரிது. தமிழ் இதழ்க் கட்டுகளை நேரிற் புரட்டிக் குறையை நிரப்பும் வாய்ப்பு இவர்களுக்கு அரிது.

எழுத்துப்பெயர்ப்பின் சிக்கல்

மேலைத் தரவுத்தளங்களில் தமிழ்ப் பெயர்கள் உரோமன் எழுத்துகளில் பதிவாகியுள்ளன. ஒரே பெயர் எத்தனை வடிவங்களில் வரும் என்பதற்குச் சிலப்பதிகாரமே தக்க சான்று. 1939-இல் வி. ஆர். இராமச்சந்திர தீட்சிதரின் மொழிபெயர்ப்பு இந்நூற்பெயரை ‘எஸ்’ என்னும் எழுத்தில் தொடங்கியது. 1965-இல் அலென் தனியேலு ‘எஸ்’, ‘எச்’ இரண்டையும் சேர்த்துத் தொடங்கினார். 1993-இல் இரா. பார்த்தசாரதியின் மொழிபெயர்ப்பு சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி முறையைப் பின்பற்றிச் ‘சி’ என்னும் எழுத்தில் தொடங்கியது. சொல்லின் இடையிலும் ‘டி’யா ‘டீ’யா என்னும் வேறுபாடு உண்டு: தீட்சிதர் ஒலிப்பை நோக்கி மென்மையான ‘டி’ (ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்து) இட்டார், பேரகராதி முறை எழுத்தை நோக்கி வன்மையான ‘டீ’ (இருபதாம் எழுத்து) இடும்.

இதன் விளைவை எண்ணிப்பார்த்தல் வேண்டும். சொல்லின் இறுதியில் உடுக்குறி இட்டுத் தேடினால் அதன் பல ஈறுகள் அகப்படும் என்று நூலகர் கற்பிப்பர். அம்முறை ஆங்கிலச் சொல்லுக்குப் பொருந்தும். முதலெழுத்தே மூவகையாக வேறுபடும் சிலப்பதிகாரத்திற்கு அது உதவாது. மூன்று வடிவங்களையும் ‘அல்லது’ என்னும் இணைப்பால் சேர்த்து, இளங்கோவடிகள், கண்ணகி ஆகிய பெயர்களின் வடிவங்களையும் உடன்வைத்துத் தேடுவதே வழி. சிறப்பு ழகரத்தை அடிக்கோடிட்ட ‘எல்’ எனவும், ‘இசட்’, ‘எச்’ எனவும் எழுதுவர். ‘தமிழ்’ என்னும் சொல்லையே இருவகையாகவும் தேட வேண்டியுள்ளது. ஜேஸ்டார் போன்றவற்றில் பக்கப் படத்திலிருந்து கணினி தானே எழுத்தறிந்த உரையையே நாம் தேடுகிறோம் என்பதால், மேற்கோடும் அடிப்புள்ளியும் உடைய எழுத்துகள் பிழைபட அறியப்படும் வாய்ப்பும் உண்டு.

ஆசிரியர் பெயரிலும் இச்சிக்கல் தொடர்கிறது. தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் ஆங்கில நூல்களில் அவர் பெயர் ஒரு வடிவிலும், தமிழ் நூல்களுக்கான பேரகராதி முறைப் பதிவுகளில் வேறொரு வடிவிலும் அமையும். ‘தெ. பொ.’ என்பது ‘டி. பி.’ ஆகும்போது இருவர் போலத் தோற்றம் தரும். குடும்பப்பெயர் என ஒன்றைக் கட்டாயமாகக் கேட்கும் தரவுத்தளம், தமிழரின் தந்தை பெயரைக் குடும்பப்பெயராக்கிவிடுவதும் உண்டு.

தமிழெழுத்திலேயே தேடலாமே எனின், அங்கும் வரலாறு குறுக்கிடுகிறது. ஒருங்குறியில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றது. ஆயினும் தமிழ்நாடு அரசு அதனை ஏற்று ஆணையிட்டது 2010-இல். இடைப்பட்ட காலத்தில் பல்வேறு எழுத்துருக்களில் தட்டச்சான ஆய்வேடுகளும் கருத்தரங்கக் கோவைகளும் திரையில் தமிழாகத் தோன்றினும் தேடுபொறிக்குப் பொருளற்ற குறிகளே. 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட அச்சில் ணை, லை, றா முதலியவற்றின் பழைய வடிவங்களைக் கணினிக்குத் தனியே கற்பித்தாலன்றி அவை பிழையின்றிப் படிக்கப்பெறா.

இதழ் உண்டு, கட்டுரை எங்கே?

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பழைய இதழ்களைப் படவடிவில் பெருமளவு வழங்கியிருப்பது போற்றத்தக்கது. எனினும் அங்குப் பதிவு பெரும்பாலும் இதழ் என்னும் அலகோடு நின்றுவிடுகிறது. உள்ளிருக்கும் கட்டுரையின் தலைப்பைத் தேடினால் வாராது. பூல் 1848-இல் எதிர்கொண்ட இடரும் இதுவே. ஈழத்து எழுத்துகளைத் தொகுக்க 2005-இல் தொடங்கப்பெற்ற நூலகம் திட்டம் இவ்வகையில் ஒருபடி முன்னே நிற்கிறது. இதழ்ப் பக்கங்களில் உள்ளடக்கத்தைத் தட்டச்சிட்டு வைப்பதால், தன்னார்வலர் உழைப்பிலேயே கட்டுரைத் தலைப்புகள் தேடலுக்கு வந்துவிடுகின்றன. இதற்குப் பெருந்தொகையோ அரிய தொழில்நுட்பமோ வேண்டியதில்லை. தமிழ்த் துறை ஒன்றின் முதுகலை மாணவர் ஆளுக்கோர் ஆண்டுத் தொகுதியாகச் ‘செந்தமிழ்’ இதழை எடுத்துக்கொண்டு, தலைப்பு, ஆசிரியர், தொகுதி, பக்கம், பொருட்சொல் ஆகிய ஐந்தையும் ஒருங்குறியில் பதிவுசெய்தால், சில ஆண்டுகளில் அவ்விதழுக்கு அடைவு கிடைத்துவிடும். அதுவரையில் ‘முன்னாய்வு இல்லை’ என எழுதும் ஆய்வாளர், எத்தரவுத்தளத்தில், எந்நாளில், எவ்வெழுத்து வடிவங்களில் தேடினார் என்பதையும், எவ்விதழ்த் தொகுதிகளைக் கையாற் புரட்டினார் என்பதையும் அவ்விடத்திலேயே குறிப்பது முறையாகும். புறத்தேர்வாளர் அதனைக் கேட்பதும் முறையே.