கத்திக்குப் பயந்த வரலாறு

கொடும்பாளூரில் மார்புக் கட்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் அத்தைமார் வாயில் முதலில் வருவது இதுதான்: "கத்தி பட்டா பரவிடும் தம்பி." அடுத்து பத்து, கஷாயம், யாரோ ஒரு வைத்தியரின் பெயர். அறியாமைன்னு சொல்லிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கு.

அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட் 1890களில் பரவலாக்கிய அறுவை சிகிச்சை, மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்தே எடுத்தது. பலருக்குக் கை வீங்கியது, தோள் இறுகியது. 1970கள் வரை அதன் செல்வாக்கு குறையவில்லை. நோய் முற்றிய பிறகு வந்தவர்களை அந்தக் கத்தியாலும் காப்பாற்ற முடியவில்லை. ஊர் கண்டது என்ன? ஆபரேஷன் நடந்தது, அப்புறம் அவள் செத்துப்போனாள். புரோகிராம் எழுதுகிற எவனுக்கும் தெரியும், பின்னால் நடந்தது என்பதாலேயே ஒன்று விளைவாகிவிடாது. ஆனால் துக்க வீட்டில் இதை யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

கொடும்பாளூர் இருக்கும் இதே புதுக்கோட்டைச் சீமையில் 1886இல் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர். அவர் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. புற்றுநோயைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டமும் அதே 1954இல்தான் வந்தது. சட்டம் இன்னும் இருக்கு. வாக்குறுதிகள் வாட்ஸப்புக்குக் குடிபோயிடுச்சு.

இதற்கிடையில் கத்தி சிறுத்துவிட்டது. 1976இல் பெர்னார்ட் ஃபிஷர் குழு தொடங்கிய ஆய்வு, ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் முழு மார்பகத்தை எடுத்தவர்கள் அளவுக்கே பெண்கள் உயிர் வாழ்கிறார்கள் என்று காட்டியது. இந்தச் செய்திதான் ஊருக்குச் சரியாக வந்து சேரவில்லை.

மூலிகைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிறவிப் பகை ஒன்றும் இல்லை. மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் பக்லிடாக்ஸல், யூ மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்தது. பட்டையை மருந்தாக்கியது அளவும் சோதனையும்தான். சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய மார்பகப் புற்று நோயாளிகளின் மரண அபாயம் 5 மடங்குக்கும் மேல் என்று 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது.

சிகிச்சையோடு சேர்த்துக் கஷாயம் குடிப்பவர்கள் பலர் அதை டாக்டரிடம் சொல்வதில்லை. திட்டு விழும் என்ற பயம். சில மூலிகைகள் கீமோ மருந்தின் வேலையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் என்பதால் இந்த மௌனமும் ஆபத்துதான். "வேற என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று கோபமில்லாமல் ஒரு டாக்டர் கேட்டாலே அந்த மௌனம் பாதி உடையும்.