யாசுனி: விலையும் ஒப்புதலும்

ஈக்வடாரின் கிழக்கு எல்லையில், அமேசான் படுகையில் இருக்கிறது யாசுனி தேசியப் பூங்கா. அங்கே ஒரே ஒரு ஹெக்டேரில் 600க்கும் மேற்பட்ட மர இனங்களை ஆய்வாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். வெளியுலகத் தொடர்பே வேண்டாம் என்று ஒதுங்கி வாழும் டகேரி, தரோமெனானே மக்களின் இருப்பிடமும் அதுதான். மண்ணுக்கடியில் கச்சா எண்ணெயும் கிடக்கிறது. அதை எடுக்காமல் விட ஈக்வடாரில் இருமுறை முயன்றார்கள். அரசின் முயற்சி தோற்றது; மக்களின் முயற்சி வென்றது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம், இருவரும் எழுப்பிய கேள்வி வேறுவேறு என்பதே.

2007இல் அதிபர் ரஃபேல் கொரேயா ஐ.நா. அவையில் ஒரு திட்டத்தை முன்வைத்தார். யாசுனி எண்ணெயைத் தொடமாட்டோம்; இழக்கும் வருவாயில் பாதியை, 360 கோடி டாலரை, உலக நாடுகள் ஈடாகத் தரவேண்டும் என்றார். 2013 ஆகஸ்டில் அவர் திட்டத்தைக் கைவிட்டபோது வந்து சேர்ந்திருந்த பணம் ஏறத்தாழ 1.3 கோடி டாலர். பணக்கார நாடுகளின் கஞ்சத்தனத்தைக் குறைசொல்வது நியாயமே. ஆனால் திட்டத்துக்குள்ளேயே ஒரு பழுது இருந்தது. காட்டைக் காப்பதற்கு விலை குறித்துவிட்டால், விலை வராதபோது காட்டைத் தோண்டுவதற்கு அதுவே சாக்காகிவிடும். அப்படித்தான் ஆனது.

அதன் பிறகு திரண்ட ‘யாசுனிதோஸ்’ இயக்கத்தினர் விலையைப் பேசவில்லை. தோண்டலாமா வேண்டாமா என்று முடிவுசெய்யும் உரிமை யாருடையது என்று கேட்டார்கள். இயற்கைக்கும் உரிமை உண்டு என்று ஏற்ற 2008 அரசியலமைப்பு, பொதுவாக்கெடுப்பு கோரும் வழியையும் மக்களுக்குத் திறந்திருந்தது. இளைஞர்கள் தெருத்தெருவாக அலைந்து 7,57,623 கையெழுத்துகளைத் திரட்டி 2014 ஏப்ரலில் ஒப்படைத்தார்கள். தேவையானது ஆறு லட்சத்துக்கும் குறைவு. தாளின் அளவு சரியில்லை, எடை சரியில்லை என்பன போன்ற காரணங்களைக் காட்டி, தேர்தல் ஆணையம் பாதிக்கும் மேற்பட்டவற்றைத் தள்ளியது. ஒரு தலைமுறையின் கோரிக்கை காகிதத்தின் கனத்தில் நிறுத்துப் பார்க்கப்பட்டது! 2016இல் எண்ணெய் எடுப்பு தொடங்கிவிட்டது. இயக்கத்தினர் விடவில்லை. ஒன்பது ஆண்டு வழக்காடியபின், 2023 மே மாதம் அரசியலமைப்பு நீதிமன்றம் வாக்கெடுப்புக்கு அனுமதி தந்தது. ஆகஸ்ட் 20 அன்று ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் எண்ணெய் மண்ணிலேயே இருக்கட்டும் என்று வாக்களித்தார்கள்.

இங்கே ஒரு மறுப்பை நேராகச் சந்திக்க வேண்டும். எண்ணெய் வயல்களைக் கொண்ட ஒரெயானா மாகாணத்தில் பெரும்பான்மையோர் எண்ணெய் எடுப்பதையே ஆதரித்தார்கள். நகரத்தாரின் பசுமைக் கனவை உள்ளூர்க்காரர் தலையில் கட்டியதா இந்த வாக்கெடுப்பு? வேலையும் சாலையும் எண்ணெயோடுதான் வரும் என்ற நிலையில் பல பத்தாண்டுகளாக வைக்கப்பட்டவர்களின் அச்சம் உண்மையானது. மாற்றுப் பிழைப்புக்கு வழிசெய்யாத அரசுதான் அதற்குப் பொறுப்பு. ஆனால் ‘உள்ளூர்’ என்பது ஒரே குரல் இல்லை. பக்கத்து மாகாணமான பாஸ்தாசாவின் வாவோரானிப் பழங்குடி மக்களைப் பார்க்கலாம். தங்கள் நிலத்தை எண்ணெய் ஏலத்தில் சேர்ப்பதற்கு முன் 2012இல் அரசு நடத்திய கலந்தாய்வு போலியானது என்று அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். முதல் விசாரணையில், தங்களுக்கு முறையான மொழிபெயர்ப்பாளர் இல்லாததால், வாவோரானிப் பெண்கள் எழுந்து பாடத் தொடங்கினார்கள். விசாரணை நடத்த முடியாமல் ஒத்திவைக்கப்பட்டது. புரியாத மொழியில் பெறும் ஒப்புதல் ஒப்புதலே அல்ல என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வழக்கறிஞரும் வாதிட்டிருக்க முடியாது. 2019 ஏப்ரல் 26 அன்று தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது; ஏறத்தாழ 1,80,000 ஹெக்டேர் காடு தப்பியது. போராட்டத்தின் முகமாக விளங்கிய நெமோந்தே நென்கிமோவுக்கு அடுத்த ஆண்டு கோல்டுமேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

வென்ற பிறகும் யாசுனியின் கதை முடியவில்லை. எண்ணெய் எடுப்பை நிறுத்திக் கருவிகளை அகற்ற அரசியலமைப்பு நீதிமன்றம் தந்த கெடு ஓராண்டு. அந்தக் கெடு முடிந்த 2024 ஆகஸ்டில் மூடப்பட்டது முதல் கிணறு மட்டுமே. எஞ்சிய இருநூற்றுக்கும் மேற்பட்ட கிணறுகளை மூட 2029 வரை ஆகும் என்றது அரசு. வாக்கெடுப்பின் முடிவை நிறைவேற்றுமாறு அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றமும் 2025 மார்ச்சில் வெளியான தீர்ப்பில் ஈக்வடாருக்கு ஆணையிட்டிருக்கிறது.